சனிக்கிழமை சம்பளம் கொடுக்க முடியாதவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவது எப்படி

திருப்பூரில் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயந்திரம் கொடுத்தே ஆக வேண்டும். மாசச் சம்பளம் கொடுக்கிறவனுக்கு வருஷத்தில் 12 கண்டம் என்றால் எங்களுக்கு 52.

நான் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், அப்போது 11 மெஷின். 2022-ல் நூல் விலை கண்டபடி ஏறி, ஊரே கம்பெனிகளை மூடிப் போராட்டம் பண்ணிய சமயம் ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் ஆர்டர் வற்றியது. எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி ஒன்று, தைத்து அனுப்பிய சரக்குக்கே பணத்தை இழுத்தடித்தது. மூன்று சனிக்கிழமை பாதிச் சம்பளம்தான் கொடுத்தேன். என்னிடம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிய அக்கா எங்கள் சபைதான், ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்திருப்பார். பாக்கி வைத்தவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே பாமாலை பாடிப் பாருங்கள், அப்புறம் தெரியும். அதே வருஷம் அம்மாவும் படுத்தார், எழுந்திருக்கவில்லை.

"விசுவாசத்துல உறுதியா இருங்க பிரதர்" என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, எப்படி? அதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. தட்டுத் தடுமாறி எனக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்கிறேன், உங்களுக்கு ஒத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஆண்டவரிடம் நடிப்பதை நிறுத்துவது. நமக்கெல்லாம் முழங்கால் போட்டதும் வாய் தானாக "ஸ்தோத்திரம் அப்பா, நன்றி ராஜா" என்று ஓட ஆரம்பித்துவிடும், உள்ளே வயிறு எரிந்துகொண்டிருக்கும். நான் ஆறு மாசம் அப்படித்தான் ஜெபித்தேன், ஒரு வார்த்தை கூட உண்மை இல்லை. பிறகு ஜெபிக்கவே பிடிக்காமல் போனது. விசுவாசம் போய்விட்டது என்று நினைத்தேன். போனது விசுவாசம் இல்லை, பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

வேதாகமத்தில் 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்டுவிடுகிறார் தாவீது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று. கந்து வட்டிக்குக் கடன் வாங்கியவன் வாசலில் வசூலுக்கு வந்து நிற்கிறவன் குரல் மாதிரி இருக்கும். அடுத்த இரண்டு வசனம், என்ன வேண்டும் என்று கேட்பது. கடைசி இரண்டுதான் நம்பிக்கை. இந்த வரிசையில் நீங்களே ஒன்று எழுதுங்கள், டெலிவரி சலான் பின்பக்கத்தில் எழுதினாலும் போதும். முதலில் புகார், பேரும் தொகையும் தேதியுமாக. "என் பாரங்களை அறிவீர்" என்று பொதுவாக எழுதாமல், "இன்ன கம்பெனி ரெண்டு லட்சத்தை நாலு மாசமாகத் தரவில்லை, நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்" என்று எழுதுங்கள். அப்புறம் வேண்டுதல். மூன்றாவது பகுதி வரவில்லையென்றால் காலியாக விடுங்கள். எனக்குப் பல வாரம் காலியாகத்தான் இருந்தது. சங்கீதப் புத்தகத்திலேயே 88-ஆம் சங்கீதம் கடைசி வரை விடியாது, தெரிந்தவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடும். அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், யாரும் திருத்தி ஒரு அல்லேலூயா ஒட்டவில்லை.

எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், தாராபுரம் பக்கம் தோட்டத்தில் இருந்தவர். அவர் ஜெபத்தில் "நீர், உமது" எல்லாம் வராது. "ஏனுங் சாமி, இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே, கெணத்துல ஒரு சொட்டு இல்லீங்க, மாட்டுக்கு என்னத்தக் காட்டுவேனுங்க" என்று மாட்டுச் சாளையில் நின்றபடியே கேட்பார். மரியாதைக்கு மரியாதை, சண்டைக்குச் சண்டை. சின்ன வயசில் சிரிப்பாக இருந்தது. இப்போது நானும் அப்படித்தான் பேசுகிறேன், புத்தகத் தமிழில் பேசினால் எனக்கே நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிற மாதிரி இருக்கிறது.

இரண்டாவது, உடம்பு. இதை ஆவிக்குரிய விஷயமாக நம் ஆட்கள் எண்ணுவதே இல்லை. 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும்" என்று சாகக் கேட்கிறார். முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய ஜெயம். தேவதூதன் வந்து என்ன சொன்னான்? பாவத்தை அறிக்கையிடு என்றானா, இன்னும் மூன்று நாள் உபவாசம் இரு என்றானா? எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டு மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பாடு. பேச்சுவார்த்தையெல்லாம் அதற்கப்புறம், ஓரேப் மலையில்.

அதனால் பிரச்சனை முற்றின நேரத்தில் யாராவது உங்களை 21 நாள் உபவாசத்துக்கோ, முழு இரவு ஜெபத்துக்கோ கூப்பிட்டால், நீங்கள் கடைசியாக எப்போது ஒழுங்காகத் தூங்கினீர்கள் என்று முதலில் யோசியுங்கள். நான் இரண்டு முழு இரவு ஜெபத்துக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் பல்லடம் ரோட்டில் வண்டியோடு விழுந்தேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை விசுவாசத்தின் பேரில் நிறுத்தச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். தூக்கம் வாரக்கணக்கில் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள், மனநல மருத்துவர் என்றாலும் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். அந்த எண்ணைக் கூப்பிடுவது அவிசுவாசம் என்றால், எலியா அந்த அடையைத் தின்றதும் அவிசுவாசம்தான்.

அடுத்தது பழக்கம். நல்ல நாளில் ஒரு மணி நேரம் ஜெபித்தவர், கெட்ட நாளில் அதே ஒரு மணி நேரத்தைப் பிடிக்கப் பார்ப்பார், முடியாது, குற்ற உணர்ச்சி வரும், அப்புறம் மொத்தமாக விட்டுவிடுவார். சுருக்குங்கள். வெட்கப்படுகிற அளவுக்குச் சுருக்குங்கள். ஏற்கெனவே தினமும் செய்தே தீர வேண்டிய ஒரு வேலையோடு அதைக் கட்டிப்போடுங்கள். எனக்கு, யூனிட் ஷட்டரைத் தூக்கும்போது பரமண்டல ஜெபம். ஷட்டர் மேலே போய் நிற்பதற்குள் "ஆமென்" வந்துவிடும், துருப்பிடித்த ஷட்டர் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே போகும். அப்புறம் எங்கள் வீதியில் நல்ல தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒரு தடவைதான், அதுவும் விடிகாலை. குழாயடியில் எப்படியும் உட்கார்ந்து கிடக்க வேண்டும். அந்த நாளில் ஒரு சங்கீதம், வரிசைப்படி, எது வருகிறதோ அது. 150-ம் முடிய இரண்டு வருஷம் ஆகும். ஆகட்டும்.

சொந்த வார்த்தை வராத நாளில் மனப்பாடம்தான் கைகொடுக்கும். இங்கே பழைய கீர்த்தனைகளின் அருமை தெரியும். தாளமும் ராகமும் நம்முடையது என்பதால் அர்த்தம் மறந்தாலும் மெட்டு வாயில் நிற்கும். ஈரோட்டில் லண்டன் மிஷன் சார்பில் ஊழியம் செய்த பாப்ளி என்ற வெள்ளைக்காரர் நம் இசையைக் கற்றுக்கொண்டு 1921-ல் இந்திய இசையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவருக்குத் தெரிந்த அருமை இன்றைக்கு நம் கீபோர்டுக் கச்சேரிகளில் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் வயித்தெரிச்சல், அதை விடுங்கள். அம்மா கடைசி வாரத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தபோது கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தைத் தப்பில்லாமல் சொன்னார். கத்தோலிக்க நண்பர்களுக்கு ஜெபமாலை இதே வேலையைச் செய்கிறது. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தில் போய்ப் பாருங்கள், வாய் அசையாமல் மணியை மட்டும் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பார்கள். முன்பெல்லாம் அதை வெறும் சடங்கு என்று பேசியவன்தான் நான்.

இனி மனிதர்கள். இதுதான் கஷ்டமான பகுதி.

அப்பா வழியில் எங்கள் வீடு ஒன்றுதான் கிறிஸ்தவம், அதுவும் அம்மாவைக் கட்டிய பிறகு. யூனிட் படுத்ததும் பெரியம்மா நேரடியாகவே சொன்னார், "கொலதெய்வத்தக் கும்புடாம உட்டா இப்பிடித்தான் சாமி ஆகும்." சரி, அவர் அப்படித்தான் சொல்வார் என்று சபைக்குள் போனால், அங்கே ஒருவர், பெயர் வேண்டாம், தோளில் கை போட்டு "வாழ்க்கையில எங்கியோ ஒரு சாபக்கட்டு இருக்கு பிரதர், ஆராய்ஞ்சு பாருங்க" என்கிறார். எனக்கு இரண்டும் ஒரே கணக்காகத்தான் தெரிந்தது. கஷ்டம் வந்திருக்கிறது, ஆகவே நீ எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறாய். யோவான் 9-ல் சீஷர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள், இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோபின் சிநேகிதர்களும் ஏழு நாள் இராப்பகலாகப் பேசாமல் கூட உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

இப்படிப் பேசுகிறவர்களோடு வாதம் பண்ணாதீர்கள், தெம்பு வீண். "சரிங்க, ஜெபத்துல வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு நகருங்கள். ஆனால் உறவை அறுக்கவும் வேண்டாம். குலதெய்வம் என்று சொன்ன அதே பெரியம்மாதான் அம்மா இறந்தபோது பத்து நாளும் சோறாக்கித் தூக்குப் போசியில் கொண்டுவந்தார். தோளில் கை போட்டவர் அந்தப் பக்கமே வரவில்லை.

கேட்க வேண்டியது இரண்டு பேரிடம். சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டியதில்லை, ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம், அது ஒரு மணி நேரத்தில் அவிநாசி வரை போய்விடும். வாயை வைத்துக்கொண்டு இருக்கத் தெரிந்த இரண்டு பேர். அவர்களிடமும் "ஜெபிச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லாமல், குறிப்பாகக் கேளுங்கள். "செவ்வாய்க்கிழமை பேங்க்குக்குப் போகணும், கூட வர்றீங்களா?" "சனிக்கிழமை ராத்திரி ஒரு போன் போடுங்க, நான் தனியா இருக்கக் கூடாது."

கடனைப் பற்றி ஒன்று, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பாதி விசுவாசப் பிரச்சனையின் அடியில் கடன்தான் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவிடம் மறைக்காதீர்கள். நான் மறைத்தேன். மறைத்த கடன் இருக்கும்போது குடும்ப ஜெபத்தில் உட்காரவே முடியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது? 2 இராஜாக்கள் 4-ல் விதவை எலிசாவிடம் வந்து முதலில் செய்தது கடனைச் சத்தமாகச் சொன்னது, கடன்காரன் என் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோக வந்திருக்கிறான் என்று. எண்ணெய் எல்லாம் பிறகுதான் பெருகியது, அதையும் விற்றுக் கடனைக் கட்டு என்றுதான் சொன்னார். ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று மொத்தமும் எழுதி இருவரும் பாருங்கள். ரன் வட்டி, மீட்டர் வட்டி என்று அநியாய வட்டியில் மாட்டியிருந்தால், அதற்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, போலீசில் புகார் கொடுக்கலாம். கடன் வாங்கி "விதைக் காணிக்கை" போடாதீர்கள். நூறு மடங்கு திரும்பி வரும் என்று சொல்கிறவர் அந்த நோட்டில் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருஷப் பிறப்பு நடுராத்திரி ஆராதனையில் வாங்கிக்கொண்டு வந்து பீரோக் கண்ணாடியில் ஒட்டுவோமே, அது. எனக்கு அந்த வருஷம் வந்தது எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். டிசம்பர் வந்தபோது அதைக் கிழித்துப் போடலாம் என்று தோன்றியது. பிறகு அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடப்பவர்களுக்கு எழுதின கடிதம் அது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று போட்டிருக்கிறது. ஐந்தாம் வசனத்தில், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று. அதாவது அந்தக் கடிதத்தை வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போகவே போவதில்லை. எனக்கு அது ஏமாற்றமாக இல்லை, ஆச்சரியமாக ஆறுதலாகத்தான் இருந்தது. தென்னம்பிள்ளை வைக்கிறவன் கணக்கு அது, மார்ச் மாசத்துக்குள் தீர்வு என்கிற கணக்கு இல்லை. அட்டை வசனத்தை அட்டையோடு விடாமல் முன்னும் பின்னும் ஒரு அதிகாரம் வாசியுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பாதிச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்த நாலாவது ஞாயிறு நான் சர்ச்சுக்குப் போகவில்லை. ஐந்தாவதும் போகவில்லை. ஆறாவது வாரம் ஓவர்லாக் அக்காவே வீட்டுக்கு வந்துவிட்டார். பாக்கி கேட்கத்தான் வந்தார் என்று நினைத்து வாசலிலேயே கையைப் பிசைந்தேன். "ஏனுங் தம்பி, ரெண்டு வாரமா சர்ச்சுல காணமுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் சரியில்லீங்களா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், எந்தக் கம்பெனி, எவ்வளவு, ஏன் முடியவில்லை என்று. கேட்டுவிட்டு அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினார். "ஆண்டவரே, தம்பிக்கு வர வேண்டியது வரட்டுமுங்க, அது வந்தா எங்க பாக்கியும் வந்துருமுங்க, ஆமென்." இவ்வளவுதான். என் வாழ்க்கையில் அதைவிட நேர்மையான ஜெபத்தைக் கேட்டதில்லை.

மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள் அல்லவா, அங்கே இயேசு "அவர்கள்" விசுவாசத்தைக் கண்டு என்றுதான் எழுதியிருக்கிறது. தூக்கி வந்த நாலு பேரின் விசுவாசம். படுத்துக் கிடந்தவன் அன்றைக்கு என்ன நம்பினான் என்று தனியாக எதுவும் எழுதவில்லை. ஆகவே நம்ப முடியாத வாரத்திலும் போய் உட்காருங்கள். பாட வராவிட்டால் பாட வேண்டாம், சுற்றி இருப்பவர்கள் பாடட்டும். கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள், ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்பிவிடுங்கள், அதுவும் சரிதான். நீங்கள் பாக்கி வைத்திருப்பவர் அதே சபையில் இருந்தால், அவரை ஞாயிற்றுக்கிழமை சந்திப்பதற்கு முன் சனிக்கிழமையே போய் நிலவரத்தைச் சொல்லிவிடுங்கள், ஜெபத்தைவிட அது முக்கியம். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்பது மத்தேயு 5-ல் இருக்கிறது.

பாக்கி முழுவதையும் கொடுத்து முடிக்க எனக்கு 14 மாசம் ஆனது. ஏழு மெஷினை விற்றேன். இப்போது நாலுதான் ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது மறுபடி அதே வயிற்றுக் கலக்கம் வந்தது. இந்தத் தடவை திங்கட்கிழமையே எல்லோரையும் உட்கார வைத்து, ஆர்டர் இவ்வளவுதான் இருக்கிறது, இந்த வாரம் இத்தனை சிப்ட்தான் கொடுக்க முடியும் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் வேறு கம்பெனிக்குப் போனார், மற்றவர்கள் இருக்கிறார்கள். அக்கா இப்போதும் இரண்டு பெஞ்ச் முன்னால்தான் உட்காருகிறார்.

குழாயடிச் சங்கீத வரிசையில் இரண்டாம் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு 88 வருகிறது. மணி நாலரை, தண்ணீர் இன்னும் வரவில்லை.